சீனத்துக் கிற்றாரில் ஜாஸ் வருமா?

"சேர், இதை வித்துப்போட்டு ஜாஸ் கிற்றார் ஒண்டு வாங்கவேணுமோ?"

கேட்டவன் பரந்தன் பக்கத்துப் பெடியன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். திருவிழாக்களில் மேளக் கச்சேரி ஓய்ந்த பிறகு, சாமத்தில் தொடங்கும் இன்னிசைக் குழு ஒன்றில் வாசிக்கிறவன். அவன் கொண்டுவந்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில் சீனாவில் செய்த கிற்றார். தலையில் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர். கொஞ்ச நாளாகக் கைப்பேசியில் ஜாஸ் கிற்றார்காரர் வெஸ் மொண்ட்கொமரியைக் கேட்டு வருகிறான். அந்தத் தடித்த, உருண்ட சத்தம் தன் கிற்றாரில் வரவில்லை, தகரத்தில் ஆணி உரசுவது போலக் கேட்கிறது என்பதுதான் அவனுடைய கவலை.

விற்கத் தேவையில்லை என்றேன். அவன் நம்பவில்லை. அந்தப் பதிலை விளக்கமாக எழுதிவிட்டால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று நினைக்கிறேன். தேவாலயப் பாடகர் குழுக்களிலும் திருவிழா மேடைகளிலும் இப்போது நிறைய மின்கிற்றார்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை கொழும்புக் கடையில் சிறிய அம்ப் ஒன்றோடு சேர்த்து விற்ற மலிவுக் கிற்றார்கள், அல்லது வெளிநாட்டு மாமாவோ சித்தப்பாவோ வரும்போது கொண்டுவந்தவை. இவற்றை வைத்திருக்கும் பிள்ளைகளிடம் பரவியிருக்கும் ஒரு தப்பெண்ணம், ஜாஸ் என்பது பணக்காரக் கிற்றாரின் குணம் என்பது. அதைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கிற்றாரின் உள்ளே நடப்பது வன்னியில் வளர்ந்த நாற்பது வயதுக்காரர் எவருக்கும் புதிதல்ல. போர்க்காலமான தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். செய்தி கேட்க வேண்டுமானால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்தோம். சுற்றுகிற கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். அந்த டைனமோவுக்குள் இருப்பது ஒரு காந்தமும் ஒரு செப்புக்கம்பிச் சுருளும்தான். காந்தம் சுழன்றால் சுருளில் மின்சாரம் பிறக்கும்.

கிற்றாரில் தந்திகளின் கீழ் இருக்கும் பிக்கப்பும் காந்தமும் சுருளும்தான். வேறுபாடு, இங்கே காந்தம் அசைவதில்லை, உருக்குத் தந்தி அசைகிறது. காந்தத்தின் அருகில் இருப்பதால் தந்தியும் சற்றுக் காந்தமாகிவிடுகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைய, மிகச் சிறிய மின்னழுத்தம் ஒன்று அதே அதிர்வோடு பிறக்கிறது. டைனமோவில் ஒரு பல்பை எரிக்கும் அளவு மின்சாரம் வரும். பிக்கப்பில் வருவது ஒரு வோல்ற்றின் சிறு பின்னமே. அதனால்தான் சுருள் அவ்வளவு நுணுக்கமானது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்பில் தலைமயிரளவு மெல்லிய, 0.063 மில்லிமீற்றர் விட்டமுள்ள கம்பியைச் சுமார் 8,000 சுற்றுச் சுற்றியிருப்பார்கள். தண்ணீர்ப் பம்பி மோட்டருக்குக் கம்பி சுற்றும் கடைக்காரர் இந்தக் கம்பியைக் கையில் எடுத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பிக்கப் நேரடியாகக் கேட்பது மரத்தை அல்ல. நைலோன் தந்தியைப் போட்டால் எவ்வளவு உயர்ந்த மரமானாலும் அம்பில் சத்தம் வராது. தந்தி என்ன, அதை எங்கே தட்டுகிறோம், எந்த இடத்தில் பிக்கப் கேட்கிறது, அந்தச் சுருளோடு என்ன இணைக்கப்பட்டிருக்கிறது, அம்ப் அதை எப்படிப் பெருக்குகிறது என்பவையே சத்தத்தின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. மரத்துக்கும் பங்குண்டு, ஆனால் சிறிய பங்கு. மலிவுக் கிற்றாரில் நாம் மாற்ற முடியாதது மரம் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம்.

அடுத்ததாக, ஜாஸ் சத்தம் என்று சொல்லும்போது நம் காது எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தந்தியை மீட்டினால் அடிச்சுரம் மட்டும் பிறப்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்கள் கூடவே பிறக்கின்றன. தம்புராவை ஊன்றிக் கேட்பவர்களுக்கு இது தெரியும். அங்கே ஜீவா நூல் செய்வது மேற்சுரங்களை எழுப்பிப் பளபளக்க வைப்பது. ஜாஸ் கிற்றார்காரர் செய்வது நேர்மாறான வேலை. உயர்ந்த மேற்சுரங்களை அடக்கி, அடிச்சுரத்தையும் அதை ஒட்டிய இரண்டு மூன்றையும் முன்னுக்குக் கொண்டுவருகிறார்.

ஏன் அப்படி? ஒரு காரணம் வரலாறு. 1936இல் கிப்சன் நிறுவனம் ஈஎஸ்-150 என்ற மின்கிற்றாரை வெளியிட்டது. குடைவான உடல், தடித்த தந்திகள், வால்வு போட்ட சிறிய அம்ப். சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் 1939இல் பெனி குட்மனின் குழுவில் சேர்ந்து, அதுவரை பின்னால் தாளம் போட்டுக்கொண்டிருந்த கிற்றாரைச் சாக்சபோன் போலத் தனித்து நின்று பாட வைத்தார். 1942இல், 25 வயதில், அவர் காசநோயால் இறந்துவிட்டார். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் அவர் வாசித்த சத்தமே பிறகு வந்தவர்களின் காதில் 'கிற்றார் ஜாஸ்' என்று பதிந்தது. இன்னொரு காரணம் இசையின் அமைப்பு. ஜாஸில் மூன்று சுரக் கோர்வையோடு நிற்பதில்லை. ஏழாவது, ஒன்பதாவது, பதின்மூன்றாவது என்று சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாக அடுக்கப்படும். ஒவ்வொரு சுரமும் தன் மேற்சுரக் கூட்டத்தை அழைத்துவந்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் கரகரக்கும். மேற்சுரங்கள் அடங்கியிருந்தால் அடுக்கின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே கேட்கும். ஆக, அந்தத் தடித்த சத்தம் வெறும் அலங்காரம் இல்லை, இசை கேட்கிற தேவை.

குடைவான உடல் இல்லாமல் இது வராது என்பார்கள். கனடாவின் ஜாஸ் கிற்றார்காரர் எட் பிக்கர்ட் தன் வாழ்நாளின் பெரும்பகுதியும் ஃபென்டர் டெலிகாஸ்டர் வாசித்தார். அது பலகையை வெட்டி நரம்பு பூட்டியது போன்ற திடக்கட்டைக் கிற்றார், நாட்டுப்புறப் பாடகர்களின் கருவி. அதில் பிற்காலத்தில் கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் மாற்றிக்கொண்டார். சாக்சபோன் மேதை போல் டெஸ்மண்ட் தன் இறுதி ஆண்டுகளில் கிற்றாருக்கு அவரைத்தான் தேடிப் பிடித்தார். இன்னொரு ஜாஸ் கிற்றார்காரர் ஜோ பாஸ் போதை மறுவாழ்வு இல்லம் ஒன்றில் இருந்தபோது தனக்கென்று கருவி இல்லாமல், கிடைத்த ஃபென்டர் திடக்கட்டைக் கிற்றாரிலேயே 1962இல் வெளிவந்த தன் முதற் பெரும் இசைத்தட்டை வாசித்தார். இதற்கு மறுபக்கமும் உண்டு. 1958இல் ஃபென்டர் நிறுவனம் ஜாஸ்காரர்களை வளைத்துப் பிடிக்கவே 'ஜாஸ்மாஸ்டர்' என்று பெயர் சூட்டி ஒரு கிற்றாரை இறக்கியது. ஜாஸ்காரர்களில் பெரும்பாலோர் திரும்பிப் பார்க்கவில்லை, கடலலை விளையாட்டுப் பாடல்களை வாசித்த பெடியன்கள் அதைத் தூக்கிக்கொண்டார்கள்.

'ஒட்டுப்பலகையில் செய்தது' என்று மலிவுக் கிற்றாரைப் பழிப்பவர்களுக்கும் ஒரு தகவல். 1949இல் வந்து, ஜிம் ஹோல் முதல் பற் மெதீனி வரை ஜாஸ்காரர்கள் கையில் எடுத்த கிப்சன் ஈஎஸ்-175இன் உடல் ஒட்டுப்பலகைதான். மேப்பிள் மரத் தகடுகளை ஒட்டிச் செய்தது.

கருவியை நம் இசைக்கு இசைவாகத் திருத்துவது எங்கள் மரபில் குறையாகக் கருதப்பட்டதும் இல்லை. மிருதங்கக்காரர் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறார். தோலின் பாரம் கூடச் சுருதி இறங்குகிறது. வீணையின் மெட்டுகள் மெழுகில்தான் பதிந்திருக்கின்றன. மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் ஆளைக் கூப்பிட்டு மேளம் கட்டுவிப்பார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியைத் தானே பதம் பார்த்துச் செதுக்குவார். மின்கருவிக்குப் பெரிய சாட்சி உ. ஸ்ரீநிவாஸ். இரட்டைத் தந்திகளாக எட்டுத் தந்தி கொண்ட மேல்நாட்டு மண்டலினை ஒற்றைத் தந்திகள் ஐந்தாக்கி, மின்பிக்கப் பூட்டி, கர்நாடக இசையின் கமகங்களை அதில் கொண்டுவந்தார். சிறுவனாக இருக்கும்போதே, 1983இல், பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். எதிர்த் திசையிலும் இது நடந்திருக்கிறது. 'சக்தி' குழுவில் எல். சங்கரோடும் விக்கு விநாயக்ராமோடும் வாசிக்க வந்த ஜாஸ் கிற்றார்காரர் ஜோன் மக்லக்லின், கமகம் பிடிப்பதற்காக ஃபிரெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் சுரண்டிய கிற்றாரைச் செய்வித்தார். ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா கர்நாடக இசையையும் ஜாஸையும் ஒரே மின்கிற்றாரில் வாசிக்கிறார். கருவி என்பது முடிந்துபோன பொருள் அல்ல என்று இவர்கள் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஒழுங்கு முக்கியம். பெரும்பாலானோர் முதலில் விலை கூடிய பிக்கப்பை வாங்குகிறார்கள். அது கடைசியில் வரவேண்டியது, பல கிற்றார்களுக்குத் தேவையே வராது.

காசில்லாத வேலைகளில் முதலாவது வலது கை. வெஸ் மொண்ட்கொமரி பிளெக்ரம் பிடிக்கவில்லை, பெருவிரலின் சதையால் மீட்டினார். பகல் வேலை முடிந்து இரவில் பழகும்போது அயலவர்களுக்குத் தொந்தரவாக இருந்ததால்தான் பெருவிரலுக்கு மாறினார் என்று சொல்லப்படுகிறது. சதை மென்மையானது, அகலமானது, அதனால் கூரிய மேற்சுரங்கள் பிறக்கும்போதே குறைந்துவிடும். பிளெக்ரமே பிடிப்பதானால் தடித்ததைப் பிடித்து, அதன் உருண்ட தோளால் தட்டலாம். தட்டுகிற இடமும் பிரிட்ஜிலிருந்து விலகி, கழுத்து முடியும் இடத்துக்கு நகர வேண்டும். தந்தியின் ஓரத்தில் தட்டினால் மேற்சுரம் கூடும், நடுவை நோக்கி வர வர அடிச்சுரம் கூடும்.

அடுத்து, சுவிச்சைக் கழுத்துப் பக்கப் பிக்கப்புக்குத் தள்ளுங்கள். அதே காரணம்தான்: தந்தி அகலமாக அசையும் இடத்தில் கேட்கும் காது அது. வொலியூம் குமிழை ஏழு, எட்டில் நிறுத்திவிட்டு, ரோன் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். அம்பில் 'டிஸ்ரோர்ஷன்' பொத்தானை அணைத்து, ட்ரெபிளைக் குறைத்து, நடுச்சத்தத்தைச் சற்றுத் தூக்குங்கள். பாஸை ஏற்ற வேண்டாம். ஜாஸ் என்றால் பாஸ் கூடியது என்று பலர் அதை முழுதாகத் திருகிவிடுகிறார்கள், பிறகு கீழ்ச் சுரங்கள் சேறாகிவிடும். பிக்கப்பின் இரு பக்கத் திருகாணிகளைத் தளர்த்தி அதைத் தந்தியிலிருந்து மூன்று நான்கு மில்லிமீற்றர் தள்ளியிருக்குமாறு இறக்குங்கள். மலிவுப் பிக்கப்புகளில் அடியில் ஒரு செராமிக் காந்தக் கட்டையை ஒட்டியிருப்பார்கள், சத்தம் முரடாக இருக்கும். தூரம் கூடக் கூட அந்த முரட்டுத்தனம் குறையும்.

இவ்வளவையும் அந்தப் பெடியனுக்குச் செய்து காட்டியபோது நேரம் கால் மணிக்கு மேல் ஆகவில்லை. அவன் கேட்டது பாதி வந்துவிட்டது. மீதியில் பெரும்பகுதி தந்தியில் இருக்கிறது.

மலிவுக் கிற்றார்கள் 9 அல்லது 10 எண் தந்தியோடு வரும். முதல் தந்தியின் விட்டம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது அல்லது பத்துப் பங்கு என்பது அதன் பொருள். சினிமாப் பாட்டுக்கும் ரொக்குக்கும் தந்தியை இழுத்து வளைக்க வேண்டும், அதற்கு மெல்லியது நல்லது. ஜாஸில் வளைப்பது குறைவு. 11 அல்லது 12 எண் தந்தி பொருந்தும். அதிலும் தட்டைச் சுற்றுத் தந்தி கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சாதாரணத் தந்தியில் உள் உருக்குக் கம்பியின் மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள், விரலை ஓட்டினால் அரம் போலக் கீச்சிடும். தட்டைச் சுற்றில் நாடா போன்ற தகட்டைச் சுற்றியிருப்பார்கள். விரல் வழுக்கிப் போகும், மேற்சுரங்கள் அடங்கும். மூன்றாவது தந்தி சுற்றிய தந்தியாக இருக்கும் தொகுதியையே வாங்க வேண்டும். மலிவுத் தொகுதிகளில் மூன்றாவது வெறும் உருக்குக் கம்பி. ஜாஸ் கோர்வையின் நடுவில் அது மட்டும் பல்லைக் காட்டும்.

விலை கூடத்தான். கொழும்பில் தேட வேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் எங்கள் வெயிலிலும் வியர்வையிலும் சாதாரணத் தந்தி சில வாரங்களில் கறுத்துச் செத்துவிடுகிறது. தட்டைச் சுற்றின் இடுக்குகளில் அழுக்குத் தங்க இடமில்லை, பல மாதம் நிற்கும். கணக்குப் பார்த்தால் நட்டமில்லை. கிடைக்காத வரைக்கும் ஒரு வழி உண்டு: சாமான் கழுவும் பஞ்சில் விரல் தடிப்புத் துண்டு ஒன்றை வெட்டி, பிரிட்ஜுக்கு ஒட்டினாற்போல் தந்திகளின் கீழ் செருகுங்கள். தந்தியின் நீண்ட இழுப்புக் குறைந்து, குடைவான கிற்றாரின் 'டப்' என்ற தொடக்கத்துக்கு அருகில் வரும்.

தடித்த தந்தி சும்மா வந்து உட்காராது. அதே நீளத்தில், அதே சுருதியில், இழுவிசை விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். 10இலிருந்து 12க்குப் போனால் முதல் தந்தியின் இழுவிசை 44 வீதம் கூடுகிறது. 9இலிருந்து போனால் 78 வீதம். 10 எண் தொகுதி முழுவதும் சேர்ந்து கழுத்தை இழுப்பது ஏறக்குறைய 45 கிலோ. 12 எண் தட்டைச் சுற்று 60 கிலோவையும் தாண்டும். ஓர் ஆள் தொங்குவது போல. ஆகவே 9 போட்டிருப்பவர்கள் முதலில் 11க்குப் போவது நல்லது.

மூன்று இடங்களில் திருத்தம் வேண்டும். கழுத்தின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியை அலன் கீயால் இறுக்கி, புதிய இழுவிசைக்கு ஈடு கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்குமேல் இல்லை. திருப்பிவிட்டு ஓர் இரவு விட்டுப் பாருங்கள். இறுகி நின்றால் பலவந்தப்படுத்த வேண்டாம், அந்தக் கம்பி முறிந்தால் கழுத்தே போய்விடும். அடுத்தது, கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் நட். அதன் வெட்டுகள் மெல்லிய தந்திக்கு அளவெடுத்தவை. தடித்த தந்தி அதில் இறுகி நிற்கும், சுருதி கூட்டும்போது 'டிக்' என்று துள்ளும். கழற்றிய பழைய சுற்றுத் தந்தியின் துண்டே நல்ல அரம், அதை வெட்டில் வைத்து மெதுவாக இழுத்து அகலப்படுத்தலாம். அகலம் மட்டும். ஆழம் கூடினால் தந்தி முதல் ஃபிரெட்டில் அடிக்கும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். மூன்றாவது, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையின் ஆடும் பிரிட்ஜ். தடித்த தந்தி அதை முன்னால் இழுத்துத் தூக்கிவிடும். பின்பக்க மூடியைத் திறந்தால் பெரும்பாலும் மூன்று ஸ்பிரிங் இருக்கும். ஐந்தாக்கி, இரும்புக் கட்டைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள வெளியில் அளவாகச் சீவிய ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டால் பிரிட்ஜ் அசையாது. வேப்பமரத் துண்டு போதும். ஆட்டும் கம்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

பிறகு சுருதிச் சுத்தம். 12ஆம் ஃபிரெட்டின் மேல் விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் வரும் சுரமும், அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிமானி போதும். அழுத்திய சுரம் கூடியிருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தி தங்கும் சேணத்தைப் பின்னால், குறைந்திருந்தால் முன்னால் நகர்த்துங்கள். மூன்றாவது தந்தி வெறுங்கம்பியிலிருந்து சுற்றிய தந்தியாக மாறியிருப்பதால் அதன் சேணம் நிச்சயம் முன்னால் வரவேண்டியிருக்கும். இந்த வேலையைச் செய்யாத கிற்றாரில் ஒன்பதாவது ஃபிரெட்டுக்கு மேலே எந்த ஜாஸ் கோர்வையும் பிசகாகவே கேட்கும், வாசிப்பவர் தன் காதைச் சந்தேகிக்கத் தொடங்குவார். இளம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். குறை அவர்களுடையது இல்லை.

ரோன் குமிழைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்து நிமிட ஈயவேலையில் இவ்வளவு பலன் தரும் இடம் கிற்றாரில் வேறு இல்லை. அதன் காலில் ஒரு சிறிய கண்டென்சர் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 473 அல்லது 223 என்று எழுதியிருக்கும். 473 என்றால் 0.047 மைக்ரோஃபரட், 223 என்றால் 0.022. பிக்கப்பின் சுருளும் இந்தக் கண்டென்சரும் சேர்ந்து, றேடியோவில் நிலையம் பிடிக்கும் சுற்றைப் போல, ஓர் அதிர்வெண்ணில் உச்சம் கொள்ளும், அதற்குமேல் உள்ளதெல்லாம் சரியும். சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப்போடு 473 சேர்ந்தால் அந்த உச்சம் 500 ஹேர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே விழுகிறது. முதல் தந்தியில் 12ஆம் ஃபிரெட்டின் அடிச்சுரமே 659 ஹேர்ட்ஸ். ஆக, குமிழை முழுதாக மூடினால் மேற்சுரங்களோடு சுரமும் அமிழ்ந்துவிடுகிறது. தலையணைக்குள் வாசிப்பது போல் இருக்கிறது என்று அந்தப் பெடியன் சொன்னது இதைத்தான்.

472 என்று எழுதிய, அதாவது 0.0047 மைக்ரோஃபரட் கண்டென்சரைப் போட்டுப் பாருங்கள். உச்சம் சுமார் 1,500 ஹேர்ட்ஸுக்கு ஏறுகிறது. குமிழை முழுதாக மூடினாலும் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும், அதற்குமேலுள்ள கீச்சு மட்டும் போய்விடும். மனிதக் குரலில் சொல்லின் தெளிவு வாழும் பகுதிக்குப் பக்கத்தில் அந்த உச்சம் நிற்பதால் கிற்றார் பேசுவது போல் இருக்கும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ றேடியோ, ரீவி திருத்தும் எந்தக் கடையிலும் இது கிடைக்கும், பழைய பலகையிலிருந்து கழற்றியதும் சரிதான். கிற்றாரில் ஓடும் மின்னழுத்தம் மிகச் சிறியதாகையால் எத்தனை வோல்ற் தாங்கும் என்று பார்க்க வேண்டியதில்லை. உருளை வடிவில் கூட்டல் கழித்தல் குறி போட்டதை மட்டும் எடுக்க வேண்டாம். எண்ணெயில் ஊறியது, பழங்காலத்தது என்று பெரும் விலைக்கு விற்கப்படும் கண்டென்சர்களுக்கும் ஆசைப்பட வேண்டாம். அளவு ஒன்றானால் இங்கே வேலையும் ஒன்றுதான்.

இத்தனையும் செய்த பிறகும் குறை தெரிந்தால் மட்டும் பிக்கப். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கரை 1950களின் நடுவில் கிப்சனில் சேத் லவர் வடிவமைத்தார். ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றிய இரு சுருள்களும் எதிரெதிர்க் காந்த முனைகளும் வைத்தால், வெளியிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் சத்தம் கூடும். குரலும் தடிப்பாகும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையின் ஒற்றைச் சுருள் அளவிலேயே செய்த ஹம்பக்கர்கள் உண்டு, அப்படியொன்றைக் கழுத்துப் பக்கம் வைத்தால் மரத்தைத் தொடத் தேவையில்லை. பெரியதை வைப்பதற்காக உளி எடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். நான் இளவயதில் ஒரு கிற்றாரை அப்படிக் குடைந்தேன். பிக்கப் பிடிக்காமல் போனது, குழி போகவில்லை.

இரைச்சலைப் பற்றிப் பேசும்போது, மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். மின்கிற்றாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக அம்பின் உலோக உடலோடு இணைந்தவை. அந்த அம்புக்கு எர்த் ஒழுங்காக இருந்தால் இது பாதுகாப்பு. எர்த் இல்லாமல், உள்ளே ஏதோ ஒரு வயர் கசிந்தால், 230 வோல்ற் தந்திக்கு வரும். வாசிப்பவரின் ஒரு கை தந்தியில், உதடு மைக்கில். மின்சாரம் நெஞ்சின் வழியாகப் போகும். எங்கள் திருவிழா மேடைகளில் ஜெனரேற்றரிலிருந்து வெறும் மணலில் வயர் இழுத்து, மூன்று முள் பிளக்கை இரண்டு துளையில் செருகி வாசிப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். இரைச்சல் போகிறது என்று எர்த் முள்ளையே வெட்டிவிடுபவர்களும் உண்டு. அது உயிரோடு விளையாடும் வேலை. வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். மேடையில் மைக்கும் அம்பும் ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும்.

இரைச்சலைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. கிற்றாரின் உட்குழியைச் செப்பு நாடாவால் ஒட்டி மூடி, அதை எர்த் வயரோடு ஈயம் வைத்து இணைக்கலாம். செப்பு நாடா இல்லாவிட்டால் சமையலறை அலுமினியத் தாளும் உதவும், ஆனால் அதில் ஈயம் பிடிக்காது, வயரைத் திருகாணியால் அழுத்தித்தான் பிடிக்க வேண்டும். கைப்பேசி சார்ஜரையும் ரியூப் லைற்றையும் தூர வைத்து, உட்கார்ந்திருக்கும் கதிரையைச் சற்றுத் திருப்பினாலே இரைச்சலில் ஒரு பகுதி போய்விடும். சுருளின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து அது இரைச்சலை வாங்கும்.

பெடியன் தட்டைச் சுற்றுத் தந்திக்கு ஆள் சொல்லியிருக்கிறான், கனடாவிலிருந்து ஆவணியில் வரும் பெரியம்மாவிடம். அதுவரை பஞ்சுத் துண்டோடும் 472ஓடும் பெருவிரலோடும் பழகுகிறான். கழற்றிய பழைய கண்டென்சரையும் ஸ்பிரிங் மூடியையும் ஆட்டும் கம்பியையும் ஒரு உறையில் போட்டுக் கிற்றார்ப் பைக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். திருவிழாக் குழுவில் பழைய சத்தம் கேட்டால் ஒரு பின்னேரத்தில் திருப்பிப் பூட்டிவிடலாம். தந்தி வந்ததும் பூட்டி, கழுத்தைக் கால் சுற்று இறுக்குவோம். சோளகம் அடித்து முடிந்து ஐப்பசி மழை தொடங்கும்போது காற்றின் ஈரம் ஏறி மரம் ஊதும், கழுத்து மறுபடி அசையும். அப்போது அலன் கீயோடு ஒருமுறை வா என்றேன்.